இழைப்புளி முத்திரையிலிருந்து ஆளைத் தேடுவது

பழைய மர இழைப்புளியில் (மரத்தை இழைக்கும் தச்சுக் கருவி) குத்திய பெயரை வைத்து அதைச் செய்தவரைத் தேடுகிறீர்களா? முதலில் அதன் முன்முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். செய்தவர் பெயர் பெரும்பாலும் அங்கேதான், ஒரே ஒருமுறை. பக்கவாட்டிலோ பின்முகத்திலோ திரும்பத் திரும்பக் குத்தியிருந்தால் அது வாங்கிப் பயன்படுத்திய தச்சரின் பெயராக இருக்கலாம்; இங்கே தவறினால் மாதக்கணக்கில் வேறொருவரின் வம்சத்தைத் துரத்துவீர்கள்.

ஊர்ப் பெயரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இழைப்புளி செய்த பிரான்சிஸ் நிக்கல்சனின் முத்திரையில் ‘ரென்தமில் வசிப்பவர்’ என்றே இருக்கும். ரென்தம் இன்று நார்ஃபோக் கவுன்டியில் (மாவட்டம் போன்றது) இருக்கிறது. ஆனால் அந்தக் கவுன்டி உருவானதே 1793-இல்தான். 1753-இல் இறந்த நிக்கல்சனின் உயிலைச் சஃபோக் கவுன்டி ஆவணங்களில் தேட வேண்டும். அவரிடம் அடிமையாக இருந்து தொழில் கற்ற சீசர் செலருக்கு விடுதலை தந்தது அந்த உயில்தான். செலரும் பிறகு தன் பெயரிலேயே முத்திரை குத்தினார். இப்படிப்பட்டவர்களைப் பிறப்புப் பதிவில் தேடிப் பயனில்லை. உரிமையாளரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் வரிவரியாகப் படியுங்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கினாலும், 1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே கிடைக்கும். நிலப் பத்திரங்களில் தொழில் ‘தச்சர்’ என்றிருந்தாலும் ஒதுக்காதீர்கள்; அவர் நீங்கள் தேடும் இழைப்புளிக்காரராகவே இருக்கலாம். 1752-க்கு முன்பு அங்கே புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதனால் அக்கால ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஓராண்டு பிசகும்.