"சி18 தானே, எதைப் போட்டால் என்ன?"

கலவையைத் திரவத்தோடு ஒரு குழாய்க்குள் ஓட்டிப் பிரிக்கும் ரிவர்ஸ்டு பேஸ் எச்பிஎல்சி-யில் பீக் (ஒரு பொருள் வெளியே வருவதைக் காட்டும் வரைபட முகடு) இடம் மாறினால், பெரும்பாலோர் உடனே மொபைல் பேஸில், அதாவது ஓடும் திரவத்தில்தான் கை வைக்கிறார்கள். மெத்தனாலைக் கூட்டுவது, பி.எச்.-ஐக் குறைப்பது என்று நாள் போய்விடும். குழாய்க்குள் நிரப்பியிருக்கும், பொருளைப் பிடித்து வைக்கும் ஸ்டேஷனரி பேஸ் பற்றிக் கேட்டால், "சி18 தானே" என்பார்கள். அந்தத் "தானே"யில்தான் தவறு தொடங்குகிறது.

சி18 வகைக்கு அமெரிக்க மருந்துத் தரநூலான யுஎஸ்பி தரும் எல்1 என்ற குறியீடு, முக்கியமாகச் சிலிக்கா போன்ற துகளில் 18 கார்பன் சங்கிலி பிணைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் உறுதி சொல்கிறது. சிலிக்காவின் பரப்பு எவ்வளவு, துளை எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை. 100 ஆங்ஸ்ட்ராம் துளை கொண்ட சிலிக்காவுக்குப் பதில் புரதங்களுக்கான 300 ஆங்ஸ்ட்ராம் சிலிக்காவைப் போட்டால், பரப்பு வெகுவாகக் குறையும். சிறு மூலக்கூறுகள் சீக்கிரமே வெளியே வந்துவிடும். கார்பன் சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவதும் ஏமாற்றும். அது ஒரு கிராமுக்கான கணக்கு. பரப்பு அதிகமென்றால் சங்கிலிகள் அடர்த்தி குறைவாக இருந்தாலும் எண் பெரிதாகவே தெரியும்.

எனக்கு அதிகம் கவலை தருவது சிலனால்கள், அதாவது சிலிக்காவின் பரப்பில் உள்ள Si-OH தொகுதிகள். சிலிக்காவின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 8 மைக்ரோமோல் சிலனால் இருக்கிறது. சி18 சங்கிலிகள் பருமனானவை, ஏறத்தாழ 4 மைக்ரோமோலுக்கு மேல் நெருக்கி நிறுத்த முடியாது. பாதி சிலனால் மிஞ்சிவிடுகிறது. அவற்றைச் சிறு மூலக்கூறுகளால் மூடும் எண்ட்கேப்பிங் செய்தாலும் முழுதாக மறையாது. பி.எச். 7-இல் இவற்றில் ஒரு பகுதி எதிர்மின்சுமை பெறும். அமிட்ரிப்டிலின் போன்ற காரத்தன்மையுள்ள மருந்து அப்போது நேர்மின்சுமையோடு இருப்பதால் அங்கே ஒட்டிக்கொள்ளும். பீக் தாமதமாக, நீண்ட வாலோடு வரும். இங்கே மெத்தனாலைக் கூட்டினால் பீக் முன்னால் வரும், வால் போகாது. உலோக மாசு குறைந்த டைப் பி சிலிக்காவுக்கு மாறுங்கள், அல்லது பி.எச்.-ஐ 3-க்குக் கீழே கொண்டு வாருங்கள். ஆனால் சாதாரண சி18-இல் 2-க்குக் கீழே போகாதீர்கள், பிணைப்பு அறுந்துபோகும். 8-க்கு மேலே போனால் சிலிக்காவே கரையும்.

சி18-க்குப் பதில் பென்சீன் வளையம் கொண்ட பினைல் வகையை வாங்கிவிட்டு, மொபைல் பேஸில் அசிட்டோநைட்ரைல் ஓட்டுபவர்களும் உண்டு. வளையங்களுக்கு இடையே வரும் பை-பை ஈர்ப்பை அசிட்டோநைட்ரைல் மங்கச் செய்துவிடும். மெத்தனாலில்தான் பினைலின் தனித்தன்மை தெரியும்.

அப்புறம் இன்னொரு தவறு, 100 சதவீதம் நீர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பம்பை நிறுத்துவது. அழுத்தம் இறங்கியதும் நீரை வெறுக்கும் துளைகள் நீரை வெளியே தள்ளிவிடும். மறுபடி ஓட்டினால் பீக்குகள், எங்கும் ஒட்டாமல் முதலில் வெளியேறும் யுராசிலை ஒட்டியே வந்து நிற்கும். சி18 கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: 50 சதவீதத்துக்கு மேல் மெத்தனால் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் மீண்டுவிடும். நீர் அதிகமான முறைதான் வேண்டுமென்றால், சங்கிலியில் முனைவுத் தொகுதி சேர்த்த வகையைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, மாற்று சி18 தேடும்போது எதைப் பார்ப்பது? ஸ்னைடர், டோலன், கார் உருவாக்கிய ஹைட்ரோபோபிக் சப்ட்ராக்‌ஷன் மாதிரியில் நீர்வெறுப்பு, சிலனால் அமிலத்தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அவற்றிலிருந்து, பழைய சி18-க்கும் மாற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை எஃப்எஸ் மதிப்பாகக் கணக்கிடலாம்; அது 3-க்குள் இருக்கும் இரண்டு மாற்றுகளை முதலில் ஓட்டிப் பாருங்கள்.