குடல் அழற்சி நோயா? கால் வீங்கினால் தைலம் தேய்க்காதீர்கள்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்களுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் கவலையெல்லாம் வயிற்றோடு நின்றுவிடுகிறது. ஆனால் கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் ஆபத்து இவர்களுக்கு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். நோய் கிளம்பி, ரத்தமும் சளியுமாகப் போகிற நாட்களில் அது இன்னும் பல மடங்கு ஏறும். குடலில் இருக்கும் அழற்சி ரத்தத்தின் உறையும் தன்மையையும் தூண்டிவிடுவதுதான் காரணம்.

நான் பெரிதாக நினைக்கும் தவறு வார்டில் நடக்கிறது. அட்மிட் ஆன நோயாளிக்கு நர்ஸ் ஹெப்பாரின் வகை ஊசியை எடுத்து வருவார். “ஏற்கெனவே ரத்தமாப் போய்க்கிட்டிருக்கு, இதுல ரத்தம் உறையாம இருக்க ஊசி வேறயா? வேண்டாம்மா” என்று கூட இருப்பவர்கள் தடுத்துவிடுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பெரும்பாலும் எனாக்சாபாரின் 40 மில்லிகிராம், தினம் ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கடியில் போடுகிற தடுப்பு அளவு அது. கொலைட்டிஸ் ரத்தப்போக்கை அது பொதுவாகக் கூட்டுவதில்லை. உயிருக்கு ஆபத்தான அளவு ரத்தம் போனால் மருத்துவரே நிறுத்தி வைப்பார். ஊசி போடாமலே இருந்தால், “உறைவு தடுப்பு ஊசி எனக்கு வேண்டாமா?” என்று நீங்களே கேளுங்கள்.

அடுத்தது கால். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கெண்டைக்கால் வலித்தால் கை நேரே தைல பாட்டிலுக்குத்தான் போகும். இல்லையென்றால் சுளுக்கு வழிக்க ஆள் தேடுவார்கள். இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, சதை கல்லுப்போல இறுகி இருந்தால் தேய்க்கவே கூடாது. அழுத்தி உருவும்போது உள்ளே உறைந்த ரத்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றைக்கே, கால் ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்த உறைவைச் சந்தேகித்துப் பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை அளவு கூடியிருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது, குடல் அழற்சியே அதைக் கூட்டிவிடும்.

பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் இறங்குதல், ஊர்ப் பூக்குழி என்றால் வீட்டுக்குத் தூரமாகும் நாளைத் தள்ளிப்போடக் கடையில் மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். அந்த ஹார்மோன் மாத்திரையும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் உறைவு ஆபத்தைக் கூட்டக்கூடியவை. குடல் நோய்க்கு மருந்து தரும் மருத்துவரைக் கேட்காமல் ஒன்றுகூட வேண்டாம்.

பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுவதும் தவறு. அதுவும் ஆபத்தைக் கூட்டும். எடுத்துக்கொண்டிருப்பதைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதும் தவறு. வயிற்றால் போகுமே என்று பயந்து, மதுரை அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. உப்புக் கரைசலாவது குடியுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஆபத்து போய்விடாது, சில வாரங்கள் தொடரும். அப்போது சென்னைக்கு இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போவதைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது.

திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்து, இருமலில் ரத்தம், அல்லது இதுவரை வராத கடும் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு: எதுவானாலும் 108-ஐ அழையுங்கள். தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று விட்டுவிடாதீர்கள், மூளை ரத்தக்குழாயிலும் ரத்தம் உறையும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக “எனக்குக் கொலைட்டிஸ் இருக்கு” என்று சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.