முதியோர் இல்லத்தில் சுத்தமும் பூச்சி ஒழிப்பும்: புதிதாக வேலைக்கு வந்தவருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் இல்லத்தின் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம்தான். எலி, கொசு, கரப்பான் மூன்றுக்கும் நம் வீடு பக்கத்து வீடு. அதற்காக முதல் நாளே மருந்துக் குப்பியைத் தேடாதீர்கள், ஒரு டார்ச் லைட்டும் ஈரத் துணியும் போதும்.

முதலில் துடைக்கும் வரிசை. அறையை முடித்துவிட்டுத்தான் கழிவறைக்குப் போக வேண்டும், அங்கே தொட்ட மோப்பு திரும்ப அறைக்கு வரக் கூடாது. கடையில் வாங்கும் குளோராக்ஸ் (பிளீச் திரவம்) 5 சதவீதம் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அதையும் அன்றன்றைக்குக் கலக்குங்கள். துடைத்த இடம் 10 நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். சிறுநீர் கிடந்தால் சோப்புத் தண்ணீரால் எடுத்த பிறகுதான் குளோராக்ஸ். கழிவறை ஆசிட்டோடு அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், கிளம்பும் நச்சு வாயு மூச்சை அடைக்கும், நம் தாத்தா பாட்டிகளின் நுரையீரல் தாங்காது.

அடுத்து கட்டிலைச் சுற்றி ஒளித்து வைத்த சாப்பாடு. கரப்பானுக்கு இதுதான் அழைப்பு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலம் கழித்த ஒரு பாட்டி, மாலைத் தேநீருக்குக் கொடுக்கும் பிஸ்கட்டில் ஒன்றைத் தலையணை உறைக்குள் செருகி வைப்பார். ஒருநாள் நான் கேட்காமலே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன், அன்றிரவு அவர் சாப்பிடவே இல்லை. பசியை அறிந்தவரின் கையிருப்பு அது, என் வேலை அதைப் பறிப்பது இல்லை. மறுநாள் இறுக்கமாக மூடும் ஒரு மைலோ டின்னைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். இப்போது காலையில் நான் போனதும் அவரே டின்னைத் திறந்து, நமுத்ததை என் கையில் வைத்துவிட்டு, நல்லதை எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

அப்புறமும் கரப்பான் இருந்தால் ஜெல் மருந்து. துவரம்பருப்பு அளவில் சொட்டுச் சொட்டாக, பிரிஜ் மோட்டாருக்குப் பின்னால், அலமாரிக் கீலில், மறதி நோய் உள்ளவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் பக்கத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லை நெருங்காது. சின்ன ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக் கூட்டிலிருந்தே 30, 40 குஞ்சு வரும், அதனால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

எலிக்கு ஓட்டையை அடைப்பதுதான் முதல் மருந்து. கட்டைவிரல் நுழையும் சந்து போதும் அதற்கு, இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்துச் சிமெண்ட் பூசுங்கள். உள்ளே விஷம் வேண்டாம், செத்து நாறுவது கூரைக்குள்தான். எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். கையுறை போட்டு, குளோராக்ஸ் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பிறகு அள்ளுங்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் சாதாரணம் இல்லை.

கொசுவுக்கு வாரம் ஒரு நாள் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள்: பூந்தொட்டித் தட்டு, பிரிஜ் அடித்தட்டு, கூரைத் தண்ணீர்க் குழாய், யாரும் போகாத கழிவறைத் தொட்டி. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான்.

மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி. மெத்தையை வேறு அறைக்கு இழுக்காதீர்கள், உறையை அங்கேயே பையில் கட்டி எடுத்துப் போய், பையைப் பிரித்துச் சூடான டிரையரில் அரை மணி நேரம் போடுங்கள். விரலிடுக்கில் ராத்திரி அரிப்பு என்றால் அது சொறியாக இருக்கலாம், உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

வெளியாள் மருந்தடிக்க வந்தால் 1974 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர்ச் சாடி, மாத்திரை டப்பா, பல்செட் எல்லாவற்றையும் முன்பே வெளியே எடுத்துவிட்டு, எப்போது உள்ளே வரலாம் என்று அவரையே நேரம் எழுதித் தரச் சொல்லுங்கள், அதுவரை பாட்டிகளை முன் தாழ்வாரத்தில் காற்றோட்டமாக உட்கார வையுங்கள்.