கிராப்பி மீன்பிடிப் போட்டி: புதியவர்களுக்கு ஏழு மீன் கணக்கு

கிராப்பிப் போட்டியில் அதிக மீன் பிடித்தவருக்குப் பரிசு கிடையாது. இருவர் கொண்ட ஒரு படகுக்கு ஏழு மீன். அந்த ஏழின் மொத்த எடைதான் முடிவு. அமெரிக்காவின் பெரிய தொடர்களான கிராப்பி மாஸ்டர்ஸ், அமெரிக்கன் கிராப்பி டிரெயில் இரண்டிலும் இதுவே வழக்கம். நாள் முழுதும் மீனாக இழுத்துக் கை ஓய்ந்தவர் தோற்பதும், பத்து மீன்கூடப் பிடிக்காதவர் கோப்பையைத் தூக்குவதும் இங்கே சாதாரணம்.

கிராப்பி வட அமெரிக்க நன்னீர் மீன். வெள்ளை, கறுப்பு என இரண்டு இனங்கள் உண்டு. தராசுக்கு இரண்டும் ஒன்றே. முக்கால் பவுண்டு மீன் பொரிப்பதற்கு அருமையானது, போட்டிக்கு உதவாது. மிசிசிப்பி மாநிலத்தின் கிரெனாடா ஏரியில் ஏழு மீன் 20 பவுண்டைத் தாண்டியதுண்டு. பல ஏரிகளில் அதில் பாதி எடைக்கே முதலிடம் கிடைத்துவிடும்.

படி 1: விதிகளை இரண்டு அடுக்காகப் படியுங்கள்

மீன்பிடி உரிமம், குறைந்தபட்ச நீளம், ஒருவர் எத்தனை தூண்டில் கோல் வைக்கலாம் என்பவை மாநிலச் சட்டம். அதன்மேல் போட்டியின் விதிகள் வரும். டெக்சாஸில் பொதுவாக 10 அங்குலம் போதும். கிரெனாடாவில் 12 அங்குலத்துக்கு மேல் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். அளவு குறைந்த ஒரே ஒரு மீனை எடைமேடைக்குக் கொண்டுபோனால் தண்டனை நிச்சயம்; எவ்வளவு என்பது அந்தந்தப் போட்டியைப் பொறுத்தது. அளவுப் பலகையில் கோட்டைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும் மீனைத் தயங்காமல் நீரில் விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு ஏரி எப்போது மூடப்படும், எந்தப் பகுதிக்குப் போகக்கூடாது, பெரிய இயந்திரம் ஓடும்போது மிதவைச் சட்டை அணிய வேண்டுமா என்பதெல்லாம் போட்டியின் விதித்தாளில் இருக்கும். போட்டிக்கு முந்தைய கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கடைசி நேர மாற்றங்களை அங்கேதான் சொல்வார்கள்.

படி 2: மீன் இருக்கும் இடமல்ல, எடை இருக்கும் இடம்

வசந்தத்தில் நீர் 16 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது கிராப்பிகள் முட்டையிடக் கரையோரம் நகரும். ஆண்கள் முதலில் வந்து, உடல் கறுத்து, ஆழமில்லாத நீரில் இடம் காக்கும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கரையோரம் போடும் தூண்டிலெல்லாம் இழுக்கும், உற்சாகமாக இருக்கும்; ஆனால் வருவதெல்லாம் இலேசான ஆண் மீன்கள். முட்டை நிறைந்த கனத்த பெண் மீன்கள் அதற்குச் சற்று வெளியே, கொஞ்சம் ஆழத்தில், அடிமரக் கட்டைகளையும் மூழ்கிய புதர்களையும் ஒட்டிக் காத்திருக்கும். பிடிபடும் மீன்கள் எல்லாம் ஒரே அளவில், கறுத்தே வந்தால் படகைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

படி 3: ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள்

பழைய முறையில் படகின் முன்புறம் பல கோல்களை விசிறியாக விரித்து, மணிக்கு அரை மைல் வேகத்தில் ஊர்ந்து போவார்கள். சிலந்திக் கால்போலத் தெரிவதால் ‘ஸ்பைடர் ரிக்கிங்’ என்று பெயர். கலங்கிய நீரில் இன்றும் நன்றாக வேலை செய்யும்.

2018-இல் கார்மின் நிறுவனம், ஒலியலையால் நீருக்கடியில் நேரலையாகக் காட்டும் லைவ்ஸ்கோப் கருவியைக் கொண்டுவந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது. படகுக்கு முன்னால் நீந்தும் தனி மீனைத் திரையில் நேரடியாகப் பார்த்து, 14 அல்லது 16 அடிக் கோலால் ஜிக்கை (எடைத் தலையுள்ள சிறு செயற்கை இரை) அதன் முன் இறக்கலாம். இதெல்லாம் மீன்பிடிப்பா, திரை விளையாட்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் கருத்தில், மீனைக் காட்டுவதுதான் கருவியின் வேலை. கடிக்க வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன். ஜிக்கை அதன் தலைக்கு ஓரடி மேலே நிறுத்துங்கள். கீழே போனால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கோலை ஆட்டாதீர்கள், கை நடுக்கமே போதும். பெரிய மீன் படகின் நிழலுக்கே விலகும், மெதுவாக அணுகுங்கள். கடித்தவுடன் வெடுக்கென்று சுண்டினால் வாய்ச்சவ்வு ஈரக் காகிதம்போலக் கிழிந்துவிடும். கோலைச் சீராக உயர்த்துங்கள், கூட்டாளி கைவலையோடு தயாராக இருக்கட்டும்.

படி 4: முதலில் நிரப்பு, பிறகு மாற்று

காலையில் ஏழு மீன் சேரும்வரை சுமாரானதையும் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் சிறியதை விடுவித்துப் பெரியதை வைப்பதே வேலை. மாநிலச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். ஒன்றேகால் பவுண்டு மீனை எடுத்துவிட்டு இரண்டு பவுண்டு மீனை வைத்தால் முக்கால் பவுண்டு இலாபம். எடைமேடையில் பவுண்டில் நூறில் ஒரு பங்குவரை பார்ப்பதால் இது சிறிய தொகையல்ல. கண் ஏமாற்றும், சிறு தராசு ஒன்றைப் படகிலேயே வைத்திருங்கள். ஒரே இடத்தில் நான்கைந்து மீன் பிடித்தும் ஏழு மீனின் மொத்த எடை ஏறவில்லையென்றால், எவ்வளவு கடித்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சொல்வது எளிது, செய்வது கடினம்.

படி 5: உயிரோடு கரை சேருங்கள்

இறந்த மீனுக்கு எடை குறைப்பது பல போட்டிகளின் வழக்கம். மீனை உயிரோடு வைத்திருக்கும் படகின் லைவ்வெல் தொட்டியில் காற்றுக்குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் பனிக்கட்டி தேவைப்படும். ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை வீங்கிவிடும், அதைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. அதனால்தான் டெக்சாஸின் லேக் ஃபோர்க்கில், குளிர்கால மாதங்களில் பிடித்த கிராப்பி எதையும் திரும்ப விடக்கூடாது என்று விதித்தார்கள். அப்படிப்பட்ட நீரில் சிறியதை மாற்றும் உத்தி செல்லாது.

படி 6: எடைமேடை

தாமதமாக வந்தால் எடை வெட்டு, இன்னும் தாமதமானால் தகுதி நீக்கம். திரும்பும் வழியில் காற்று எதிர்த்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டு அரை மணி முன்பே புறப்படுங்கள். எடைமேடைக்குக் கொண்டுபோகும் பைக்குள் எட்டாவது மீன் இருக்கக்கூடாது; இருவரும் தனித்தனியாக எண்ணுங்கள்.

வெற்றி பெற்றவரைப் பொய் கண்டறியும் கருவி முன் உட்கார வைக்கவும் விதியில் இடமிருக்கும். இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 செப்டம்பரில் கிளீவ்லாண்டில் நடந்த வால்ஐ மீன் போட்டியில் மீன்களின் வயிற்றிலிருந்து ஈயக்குண்டுகள் வெளியே வந்தன; ஏமாற்றிய இருவரும் மறு ஆண்டு சிறைக்குப் போனார்கள். விதித்தாளில் கையெழுத்திடும்போதே இந்தச் சோதனைக்கும் நீங்கள் சம்மதித்திருப்பீர்கள், எனவே அந்தப் பத்தியையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.