டோக்கியோ போகிற நம்ம தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு

லீவில் தண்டையார்பேட்டைக்கு வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு பேர், "டோக்கியோல வேலை கெடச்சிருக்கு, என்னண்ணா பண்ணணும்?" என்று கேட்டுவிட்டார்கள். சரி, எழுதியே வைத்துவிடுகிறேன்.

பேப்பர் வேலை சுலபம். ரெசிடென்ஸ் கார்டு ஏர்போர்ட்டிலேயே கிடைத்துவிடும். வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் விலாசத்தைப் பதியுங்கள். குப்பையைப் பிரித்து, அதற்குரிய நாளில் காலையிலேயே வையுங்கள். ரயிலில் போன் பேசாதீர்கள். இதெல்லாம் யாரும் சொல்வார்கள்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கூப்பிடுவார். அங்கே மூன்றரை மணி நேரம் முன்னால், அதாவது நள்ளிரவு 12.30. கன்டெய்னர் லாரி ஹாரனுக்கு நடுவே பேசிப் பழகிய குரல் எங்களுடையது. போதாததற்கு ஸ்பீக்கர் வேறு. சுவரோ அட்டை மாதிரி.

நம் தெருவாக இருந்தால் எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, "இன்னாபா, கொயந்த தூங்க வாணாவா?" என்று கத்தியிருப்பார். காலையில் தண்ணி லாரி வந்ததும் அவரே நம் குடத்தையும் வரிசையில் வைப்பார். விஷயம் அதோடு முடிந்தது.

அங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் தினமும் படிக்கட்டில் தலை குனிந்து வணக்கம் சொன்னார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறருக்குத் தொந்தரவு தருவதை அங்கே 'மெய்வாகு' என்பார்கள். அது கூடாது என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நேரில் வந்து குறை சொல்வதையே அவர் தொந்தரவாக நினைத்தாரோ என்னவோ.

ஒருநாள் தபால் பெட்டியில் ஒரு தாள்: 'இரவு சத்தம் குறித்து வேண்டுகோள்'. எல்லாப் பெட்டியிலும் அதே தாள். நமக்கில்லை என்று மடித்துப் போட்டேன். தம்பிகளா, எல்லார் பெட்டியிலும் போட்டிருந்தால் அது உங்களுக்குத்தான்! அடுத்த கடிதம் என் பெயருக்கே வந்தது. அவர் நான்கு மாதமாகத் தூங்கவில்லையாம். அதற்கப்புறம் அவர் முகத்தில் விழிக்க முடியாமல் நானே வீடு மாறினேன். ரெய்கின் என்று வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வராது. அதை இன்னொரு முறை அழுதேன்.

புது வீட்டில் முதல் நாளே பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பிஸ்கட் பெட்டி கொடுத்தேன். அது அங்கே பழைய வழக்கம். அம்மா இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கே கூப்பிடுகிறார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசுவேன்.

"இன்னாடா, கொரலே வரல, ஒடம்பு சரியில்லியா?" என்று தினமும் கேட்கிறார்.