என்கிளெக்ஸ் தேர்வுக்குப் பொட்டாசியத்தைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் செவிலியராகப் பதிவுபெற எழுதவேண்டிய என்கிளெக்ஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களில் பெரும்பாலோர், சீரம் பொட்டாசியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லி ஈக்விவலன்ட் என்பதைத் தூக்கத்திலும் சொல்வார்கள். தேர்வு கேட்பதோ, அந்த எண் மாறிய நோயாளியிடம் செவிலியர் முதலில் எதைச் செய்வார் என்பதை. ஆகவே இந்தப் பாடத்தை அறிகுறிப் பட்டியலாகப் படிக்காமல், செயல்களின் வரிசையாகப் படிப்பதே பலன் தரும்.

உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இரத்தத்தில் இருக்கும் சிறு பங்கு சற்றே கூடினாலும் குறைந்தாலும் இதயத்தின் மின்னோட்டம் பாதிக்கப்படுகிறது. இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். தீக்காயமும் நசுங்கற்காயமும் செல்களைச் சிதைத்து அதை வெளியே கொட்டும். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். இந்த மூன்றும் மனத்தில் தெளிவானால், பாதிக் கேள்விகளுக்கு மனப்பாடம் தேவைப்படாது.

சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குப் பொட்டாசியம் 6.8 என்றும், இதயத் துடிப்பின் மின்பதிவான ஈசிஜியில் டி அலை கூர்மையாக உயர்ந்து, க்யூஆர்எஸ் என்னும் அலைத்தொகுப்பு அகன்றிருக்கிறது என்றும் (மிகுதி இதயத்தைத் தாக்குவதன் அடையாளங்கள்) கேள்வி சொன்னால், விடைகளில் இன்சுலின், டயாலிசிஸ், கால்சியம் குளுக்கோனேட் ஆகிய மூன்றும் சரியானவையாகவே தோன்றும். முதலில் கொடுக்கவேண்டியது கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தைத் துளியும் குறைக்காது. இதயத் தசையை அந்த மிகுதியின் தாக்கத்திலிருந்து சில நிமிடங்களில் காக்கும், ஆனால் அந்தக் காப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான் நீடிக்கும். அந்த இடைவெளியில் ரெகுலர் இன்சுலின் 10 யூனிட்டைக் குளுக்கோஸுடன் நரம்பு வழியாகக் கொடுத்தால் பொட்டாசியம் செல்லுக்குள் போகும். சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதால் அதை மணிக்கொரு முறை பார்க்கவேண்டும். உடலைவிட்டே வெளியேற்றுவது டயாலிசிஸ். காப்பது, உள்ளே தள்ளுவது, வெளியேற்றுவது என்ற இந்த வரிசையை நோட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் ஈசிஜியும் இயல்பாக இருந்தால் மட்டும், இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோன இரத்த மாதிரியா என்று ஐயப்பட்டு மறுபடி எடுத்து அனுப்புவது சரியான விடையாகலாம்.

பொட்டாசியம் குறைந்தவரிடம் ஆபத்து பெரும்பாலும் நம் கையிலிருந்தே வருகிறது. பொட்டாசியம் குளோரைடை நரம்பில் நேராக ஊசியாகச் செலுத்துவது இதயத்தை நிறுத்திவிடும். அப்படிச் சொல்லும் விடை எந்தச் சூழலிலும் தவறு. நம் வார்டுகளில் கிடைக்கும் 15 விழுக்காட்டு 10 மில்லி ஆம்பியூலில் ஏறக்குறைய 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. கைநரம்பு வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் என்பதே வழக்கமான வரம்பு என்பதால், ஒரே ஆம்பியூல் உடலுக்குள் செல்லக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகவேண்டும். தொடங்குமுன் மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்குகிறதா என்று பாருங்கள். வெளியேற வழியில்லாத உடலில் ஊற்றும் பொட்டாசியம் தேங்கிவிடும். பையில் கலந்தபின் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குவதும், பம்ப் வழியாகவே செலுத்துவதும், ஊசி ஏறிய இடம் வீங்கினால் உடனே நிறுத்துவதும் தேர்வாளர்களுக்குப் பிடித்த விடைகள். எவ்வளவு கொடுத்தும் அளவு ஏறவில்லை என்று கேள்வி வந்தால், மெக்னீசியத்தைப் பார்க்கச் சொல்லும் விடையைத் தேடுங்கள்.

உணவுக் கேள்விகளை விரைவாகக் கடந்துவிடலாம். பொட்டாசியம் நிறைந்தவை என்று வாழைப்பழம், ஆரஞ்சு, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றை நினைவில் வைத்தால் போதும். சோடியம் குறைந்த மாற்று உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதை மட்டும் மறவாதீர்கள். பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்தைச் சாப்பிடுபவருக்கு அது கூடாது. கோடையில் நாம் உபசாரமாக நீட்டும் இளநீரும் சிறுநீரக நோயாளிக்கு அப்படித்தான், அமெரிக்கத் தேர்வில் அது வராவிட்டாலும்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள புதிய வடிவத்தில் ஒரே நோயாளியைப் பற்றித் தொடர்ச்சியாக ஆறு கேள்விகள் வருகின்றன என்பதால், விடை சரியா என்று மட்டும் பார்க்காமல், விட்ட ஒவ்வொரு விடையும் ஏன் இரண்டாமிடம் என்பதை ஒரு வரியில் எழுதிப் பழகுங்கள். இதோ ஒரு பயிற்சி. பணிக்கு வந்ததும் நால்வர் இருக்கிறார்கள்: சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசிமைடு மருந்து பெறுபவர், பொட்டாசிய அளவு 3.4, தொந்தரவில்லை; இன்று டயாலிசிஸுக்குப் போகவிருப்பவர், அளவு 5.2; அறுவைக்குப்பின் தையலில் வலி என்பவர்; டிகாக்சின் என்னும் இதய மருந்து சாப்பிடுபவர், அளவு 2.9, குமட்டல், விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்கிறார். முதலில் நான்காமவரிடம் செல்லவேண்டும். பொட்டாசியம் குறையும்போது டிகாக்சினின் நச்சு கூடுகிறது, விளக்கைச் சுற்றித் தெரியும் மஞ்சள் வளையம் அதன் அடையாளம். இதய நுனியில் ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணி, அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து, மானிட்டரை இணைத்து, மருத்துவரை அழைக்கவேண்டும்.