ஒன்று முதல் மூன்று வயதுவரை: பிள்ளையின் கோப்பையில் எது, எவ்வளவு, எப்போது

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு வேண்டிய பானங்கள் இரண்டுதான்: கொதித்தாறின தண்ணி, பால். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் அதைத் தொடரலாம். மற்றதெல்லாம் எப்போதாவது. சொல்ல இலேசு. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் இந்த இரண்டுக்கும் முன்னால் பிள்ளையின் வாய்க்குப் போவது தேத்தண்ணி. அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

தேத்தண்ணியை நிறுத்தும் விதம்

கொழுந்துக்குப் போகிற அவசரத்தில் ரொட்டியைப் பிய்த்து, சாயத்தண்ணியில் தோய்த்து ஊட்டிவிடுவது வழக்கம். பிள்ளையும் மறுக்காமல் விழுங்கும். ஆனால் தேயிலையிலுள்ள தனின் வகைப் பொருட்கள் பருப்பு, கீரை, குரக்கன் போன்றவற்றின் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். குடலால் அதை உறிஞ்ச முடியாது, மலத்தோடு போய்விடும். இறைச்சி, மீன் அடிக்கடி கிடைக்காத வீட்டில் இது பெரிய இழப்பு. இரத்தச்சோகை வந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், பசி மந்தமாகும், மூளை வேகமாக வளரும் காலத்தில் அந்த வளர்ச்சியும் தடைப்படலாம். சாயத்தைக் குறைத்தால் பாதிப்புக் குறையும், இல்லாமல் போகாது. பால் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். போதாததற்கு, கஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும், சீனி பல்லை அரிக்கும்.

பழகிய பிள்ளையிடம் ஒரே நாளில் பிடுங்கினால் அழும். அப்பாயி மனமிரங்கி ஒரு மடக்குக் கொடுப்பார், அதோடு திட்டம் முடிந்தது. எனவே இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாளும் அளவைக் குறைக்க வேண்டாம், சாப்பாட்டோடு கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வரட்டும். நான்காம் நாளிலிருந்து சாயத்தில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்துக்குப் பால் ஊற்றுங்கள். சீனியிலும் கால் தேக்கரண்டி குறையட்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்தால் இரண்டாம் வாரம் முடியும்போது அதே கோப்பையில் ஏறக்குறைய வெறும் பால்தான் இருக்கும். கோப்பையை மட்டும் மாற்றாதீர்கள். பிள்ளையின் பழக்கத்தில் பாதி அந்தக் கோப்பையில்தான் இருக்கிறது.

ரொட்டியை நனைக்கப் பருப்பு ஆணம் போதும். அதில் இரண்டு சொட்டு தேசிக்காய் பிழிந்தால் விற்றமின் சி சேரும். தேத்தண்ணி தடுத்த அதே இரும்பை உடலில் சேர்க்க அது உதவும். சாப்பிட்ட பின் ஒரு துண்டு கொய்யாவும் அதே வேலையைச் செய்யும். பகலில் பிள்ளை இருக்கும் பிள்ளைக் காம்பராவிலும் இதைச் சொல்லிவையுங்கள். வீட்டில் நிறுத்தி அங்கே தொடர்ந்தால் பயனில்லை.

தண்ணி

பீலியிலிருந்தோ ஊற்றிலிருந்தோ குழாயில் வரும் தண்ணி பார்க்கத் தெளிவாக இருக்கும். மேலே மாடு மேய்கிறதா, கக்கூசுக் குழி இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கட்டாயம் கொதிக்க வேண்டும். மழைக்காலத்தில் கலங்கி வந்தால் முதலில் தெளியவிட்டு, மேல் தண்ணியை நான்காக மடித்த சுத்தமான பருத்தித் துணியில் வடித்து, பிறகு அடுப்பில் வையுங்கள். கொதித்தால் கிருமி சாகும். மருந்தடித்த மரக்கறித் தோட்டத்திலிருந்து வடிந்துவரும் இரசாயனம் போகாது. அப்படிப்பட்ட ஓடைத் தண்ணியை எடுக்கவே வேண்டாம்.

உயரம் கூடக் கூடத் தண்ணி குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடு போதும். அடியில் சிறு குமிழி வருவதைக் கொதி என்று எண்ணி இறக்குவதுதான் தவறு. தண்ணி முழுதும் புரண்டு கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். 2000 மீற்றருக்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடம்.

இவ்வளவும் செய்துவிட்டு, குளிருக்கு இளஞ்சூடாகக் கொடுக்க, சுடுதண்ணியில் பீலித் தண்ணியைக் கலந்துவிடுவார்கள். கிருமி அப்படியே திரும்பி வந்துவிடும். இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிளாஸ்கில் சுடுதண்ணி, மூடிய பாத்திரத்தில் கொதித்தாறின தண்ணி. இரண்டையும் கலந்தால் வேண்டிய சூடு கிடைக்கும். பாத்திரத்துக்குள் டம்ளரை முக்கி அள்ளாமல் சரித்து ஊற்றுங்கள். மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொதிக்க வையுங்கள்.

அளவு, நாளொன்றுக்கு ஒன்று முதல் நான்கு கோப்பை, கோப்பை 240 மில்லி கணக்கில். குளிரில் பிள்ளை தானாகக் கேட்காது, நீங்கள்தான் ஒவ்வொரு சாப்பாட்டோடும் இரண்டு மடக்கு நீட்ட வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் குடிப்பது போதும்.

பால்

ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி. அதற்கு மேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு என்பதால், "பால் நிறையக் குடிக்கிறான்" என்று பெருமைப்படும் பிள்ளைக்கே இரத்தச்சோகை வரலாம். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் பிள்ளைக்கு மற்றப் பாலை இதைவிடக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு வயதுவரை கொழுப்பு எடுக்காத பால்தான் வேண்டும்.

மாட்டுப்பால் கிடைத்தால் கிண்டிக்கொண்டே பொங்கக் காய்ச்சி, மூடி ஆறவிடுங்கள். தண்ணி கலக்க வேண்டாம். பால்மா என்றால் கணக்கு முக்கியம். 200 மில்லி தண்ணிக்குச் சுமார் 25 கிராம், அதாவது மேசைக்கரண்டியில் குவித்து மூன்று. பக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதலில் சிறிது இளஞ்சூட்டுத் தண்ணியில் மாவைக் குழைத்து, பிறகு மீதியை ஊற்றினால் கட்டி பிடிக்காது. 400 கிராம் பக்கெட்டில் இந்தக் கணக்குக்கு 16 கோப்பை வரும். விலைக்குப் பயந்து ஒரு கரண்டி மாவில் மூன்று கோப்பை கலக்குகிறார்கள். அது வெள்ளைத் தண்ணி, வயிறு நிறையும், சத்து இல்லை. கையில் காசு குறைந்தால் சரியான அளவில் ஒரே கோப்பை கொடுத்து, மீதிக்கு முட்டை, நெத்தலி, தயிர் என்று பாருங்கள்.

கலந்த பாலை ஃபிளாஸ்கில் ஊற்றி அனுப்பாதீர்கள். அந்த இளஞ்சூட்டில் கிருமி பெருகும். மாவை உலர்ந்த டப்பாவிலும் சுடுதண்ணியைத் தனியாகவும் கொடுத்து, வேண்டும்போது கலக்கச் சொல்லுங்கள். குடித்த மிச்சத்தை எடுத்து வைக்க வேண்டாம்.

டின்பாலில் ஏறக்குறைய பாதி சீனி, பிள்ளைக்கு ஆகாது. தேத்தண்ணிக்குப் போடும் வெண்மையாக்கும் மா பாலே அல்ல. தேங்காய்ப்பாலில் கல்சியமும் புரதமும் போதாது. "ஒரு வயதுக்கு மேல்" என்று விற்கும் விலை கூடிய வளர்ச்சிப் பால்மா தேவையற்றது என்று உலக சுகாதார அமைப்பு 2013இலேயே சொல்லிவிட்டது. மோல்ட் மாக்களுக்கும் அவசியமில்லை.

சூப்பிப் போத்தலை 18 மாதத்துக்குள் விட்டு, கோப்பைக்கு மாற்றுங்கள். வாயில் போத்தலோடு தூங்கும் பிள்ளையின் முன்பற்கள்தான் முதலில் கறுக்கும்.

மற்றவை

பழச்சாறு தேவையில்லை, கொடுத்தால் நாளைக்கு 120 மில்லிக்குள், சீனி போடாமல், சாப்பாட்டோடு. பப்பாளியை மசித்துக் கொடுப்பதே மேல். கடைப் பானங்களின் பெட்டியில் சீனி அளவுக்கு நிற வட்டம் இருக்கும்: 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். மஞ்சளைப் பார்த்து ஏமாற வேண்டாம். 100 மில்லிக்கு 10 கிராம் உள்ள 200 மில்லிப் பெட்டி ஒன்றில் நான்கு தேக்கரண்டி சீனி இருக்கிறது. தடிமனுக்குக் கொத்தமல்லித் தண்ணி, சீனி இல்லாமல், சில மடக்கு பரவாயில்லை. பால் வேளைக்கு அது ஈடாகாது. திரிபோஷா சத்துமாவைத் தண்ணியாகக் கரைத்துக் குடிக்கக் கொடுக்காதீர்கள், அது கரண்டியில் அள்ளி உண்ணும் பதத்தில் இருக்க வேண்டும்.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) பக்கெட் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணியில் கரையுங்கள். பாதிப் பக்கெட்டைக் கண்ணளவில் கரைத்தால் உப்பின் அளவு தவறிப்போகும். ஒவ்வொரு முறை போன பின்னும், இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மட்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால் அல்லது எழுப்ப எழுப்பத் தூங்கினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகிற வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகலாம். எழுப்பியும் விழிக்காத பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.